கழற்றி மாட்டும் கம்பி

என் அக்காள் மகள் பொன்னாத்தாளின் பல்லைக் கெடுத்தவன் நான்தான். ஊரில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். அவள் நேரம் என்பார்கள், மதுரை டாக்டர் என்பார்கள், சடங்கு வைத்த நாள் சரியில்லை என்பார்கள். எல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. எனக்கு முன்கோபம் உண்டு, ரோசம் அதைவிட அதிகம். ஏலக்காய்க் கடைக் குமாஸ்தாவுக்கு ஜமீன்தார் ரோசம் எதற்கு என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்களோடும் சண்டை போட்டிருப்பேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் பொன்னாத்தாளுக்குப் பன்னிரண்டு வயது. அக்காள் ராக்கம்மாளை வடுகபட்டியில் கர்ணன் என்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. கர்ணன் தோட்டம் உண்டு தான் உண்டு என்று இருக்கிற மனிதர். பொன்னாத்தாள் அவர்களுக்கு ஒரே பிள்ளை. நான் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்த்தேன். மாதம் ஒரு தடவை மாதிரிச் சரக்கை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்வருவது என் வேலைகளில் ஒன்று. போகும் வழியில் வடுகபட்டியில் இறங்கி, பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

பொன்னுவுக்கு மேல்வரிசை முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். சாதாரண எத்துப்பல் இல்லை. கீழுதடு அந்தப் பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று தொட்டதே கிடையாது. உதடு எப்போதும் காய்ந்து வெடித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் ‘துருவி’ என்று பெயர். தேங்காய்த் துருவியாம். பெயர் வைத்தவனை நான் தேடிப் போய் இரண்டு அறை கொடுத்தேன். மறுநாளிலிருந்து வகுப்பு முழுக்க அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

பேசினாலும் சிரித்தாலும் இடது கை தானாக எழுந்து வாயைப் பொத்தும். என்னை ‘மாமா’ என்று கூப்பிடக்கூட அவளுக்கு உதடு ஒத்துழைக்காது. மேல்பல்லால் கீழுதட்டைத் தொட்டு ஒரு மாதிரி ஒப்பேற்றுவாள். எனக்குப் பழகிப்போய்விட்டது. அவளுக்குத்தான் பழகவே இல்லை.

ஒருமுறை கடைவாய்ப் பல் வலி தாங்காமல் மதுரையில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் சண்முகராஜ். அவர் அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் வெள்ளை மாவில் செய்த பல் அச்சுகளை ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார். ஒரு ஜோடியில் ஒன்று அச்சு அசல் எங்கள் பொன்னுவின் வாய். பக்கத்தில் இருந்தது வரிசை பிசகாத பல்.

“இது ரெண்டும் வேற வேற ஆளுங்களா டாக்டர்?”

“ஒரே பிள்ளைதான்யா. நடுவுல ரெண்டு வருசம்.”

என் பல்வலி அங்கேயே மறந்துவிட்டது.

கர்ணனிடம் சொன்னபோது அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “பல்லு என்னத்துக்கு மாப்ள, அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகுது” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள். “சரி, கூட்டிட்டுப் போ. எனக்கு இந்த ஆஸ்பத்திரி வெவரமெல்லாம் தெரியாது” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரை மாதிரி நல்ல மனிதர் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். முடித்ததும் என்னிடம் பேசாமல் அவளிடம் கேட்டார்.

“உனக்கு என்னம்மா வேணும்?”

“வாய மூடணும்” என்றாள், கையை வாய் மேல் வைத்துக்கொண்டே.

டாக்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“இதுக்கு நாலு வழி இருக்குய்யா. ஒண்ணு, எதுவும் செய்யாம விட்டுர்றது. அதுவும் ஒரு வழிதான், நெறையப் பேரு அதைத்தான் செய்றாக. ரெண்டாவது ப்ளேட்டு. மேலண்ணத்துல ஒட்டி உக்காரும், அதுலருந்து ஒரு கம்பி முன்பல்லைச் சுத்தி வரும். நீங்களே கழட்டி மாட்டிக்கிறலாம். மாசம் ஒருதரம் வந்தா நான் கம்பியை முடுக்கி விடுவேன். மூணாவது பேண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எஃகு வளையத்தை ஒட்டி, குறுக்க கம்பி ஓட்டிருவாக. பிள்ளையால கழட்ட முடியாது. கேட்டா அதைத்தான் நல்லதும்பேன். ஆனா அதுக்கு மெட்ராஸ் போகணும், மாசாமாசம்.”

“நாலாவது?”

“முன்பல்லைப் பூராப் பிடுங்கிட்டுப் பொய்ப்பல்லு வைக்கிறது. பத்து நாள்ல முடிஞ்சிரும். பஜார்ல கட்டுறவக இருக்காக. நான் செய்ய மாட்டேன். நல்ல பல்லைப் பிடுங்கிட்டா அப்புறம் யாராலயும் திருப்பி நட முடியாது.”

ப்ளேட் என்றாலும் பேண்ட் என்றாலும் முதலில் இடம் வேண்டுமாம். மேல்வரிசையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சொத்தை இல்லாத இரண்டு பல்லை எடுக்க வேண்டுமாம். “பஸ்ஸுல படிக்கட்டு வரைக்கும் நிக்கிறாக. ரெண்டு பேரு எறங்குனாத்தானய்யா மத்தவக உள்ள தள்ளி நிக்கலாம்” என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது. அடுத்து அவர் சொன்னதும் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது நான் சொல்லித் தப்பிக்க முடியாது.

“எடுத்த பெறகு பாதியில விட்டுராதீக. பல்லுக்கு ஞாபகம் உண்டு. பழைய எடத்துக்கே போகப் பார்க்கும். தூங்குறப்பவும் ப்ளேட்டு வாயில இருக்கணும். சாப்பிடவும் பல்லு வெளக்கவும் மட்டும் கழட்டலாம். பல்லு நேரானப்புறமும் ஒரு வருசம் மாட்டணும். கழட்டுற சாமான்ல இருக்கிற சிக்கல் ஒண்ணுதான், எங்கயாச்சும் வச்சுட்டு மறந்துருவாக.”

“எங்க பிள்ளை மறக்காது” என்றேன். மெட்ராஸ் தூரம், ப்ளேட் போதும் என்று அங்கேயே முடிவு சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வருகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

இரண்டு பல்லையும் எடுத்த அன்று அவள் அழவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு, அந்தப் பல்லைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். வடுகபட்டி வந்ததும் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தாள், பால்பல் விழுந்த சின்னப் பிள்ளை மாதிரி.

“முளைக்காதுன்னு தெரியும் மாமா. ஆனாலும் போடாம இருக்க மனசு கேக்கல” என்றாள்.

பிறகு ஒன்பது மாதம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நானும் அவளும் மதுரைக்குப் போனோம். டாக்டர் குறடு மாதிரிச் சின்னதாக ஒன்றை வைத்துக் கம்பியை முடுக்குவார். இரண்டு நாள் வலிக்கும், கஞ்சிதான் குடிப்பாள். பிறகு சரியாகிவிடும். முதலில் ஓரப்பற்கள் பின்னால் நகர்ந்து, பிடுங்கிய இடத்தில் போய் உட்கார்ந்தன. அப்புறம் முன்பற்கள் உள்ளே போக ஆரம்பித்தன. ஒரு நெல்மணி அளவுதான் ஒரு மாதத்துக்கு. அவள் கண்ணாடி முன்னால் நின்று நாக்கால் தடவித் தடவிப் பார்ப்பாள். ப்ளேட்டை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் நகையைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பிடும்போது கழற்றிக் காகிதத்தில் மடித்து, கண்ணுக்கு நேராக எங்காவது செருகி வைப்பாள். சாப்பிட்டு வாய் கொப்பளித்த கையோடு மாட்டிக்கொள்வாள்.

எட்டாவது மாதம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தெருமுனையில் நின்றிருந்தாள். “மாமா” என்று கூப்பிட்டாள். நான் இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. உதடு இரண்டும் சேர்ந்து பிரிந்திருந்தது. கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டதென்று அவளை ஒரு அதட்டு அதட்டினேன்.

பத்தாவது மாதம் அவள் பெரிய மனுஷி ஆனாள்.

எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன்தான் குச்சுக் கட்ட வேண்டும். வீட்டுக்கு வெளியே, முற்றத்தில், பச்சைத் தென்னங்கீற்றில் ஒரு சின்னக் குடிசை. பதினாறு நாள் பெண் அதற்குள்தான் இருக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்ததும், கட்டின மாமனே குச்சைக் கொளுத்த வேண்டும். உள்ளே புழங்கியது எதையும் திருப்பி எடுப்பதில்லை. தீட்டு அதோடு வெந்து போகட்டும் என்று ஒரு கணக்கு. நான் கீற்று வெட்டிக்கொண்டு போய், என் கையாலேயே கட்டினேன். கொஞ்சம் பெரிதாகவே கட்டினேன். பிள்ளை கால் நீட்டிப் படுக்கட்டும் என்று நினைத்தேன்.

கர்ணனின் அக்காள் மொக்கம்மாள்தான் சடங்குக்கெல்லாம் பொறுப்பு. எனக்கு மதினி முறை, கேலிக்குக் கேட்க வேண்டாம். ப்ளேட் வாயிலேயே இருக்கலாமா என்று நான் கேட்டதற்கு அந்த அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“இருந்துட்டுப் போகுது கொழுந்தனாரே. குச்சுக்குள்ள பொம்பளப் பிள்ளைக்குக் காவலுக்கு இரும்பு வைக்கணும். மத்த வீட்டுல உலக்கையப் போடுவாக, உங்க பிள்ளை வாயிலயே கம்பி வச்சிருக்கு. காத்து கருப்பு கிட்ட வருமாக்கும்?”

எல்லோரும் சிரித்தோம். குச்சுக்குள்ளிருந்து பொன்னுவும் சிரித்தது கேட்டது. அந்த மாதம் மதுரைக்குப் போக முடியவில்லை. இரண்டு வாரம் தள்ளினால் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பதினாறாம் நாள் காலை நல்ல நேரம் ஏழரைக்குள். விடிந்ததும் அவளுக்கு உளுந்தங்களி கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் போல ப்ளேட்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, தலைக்கு மேலே கீற்று இடுக்கில் செருகிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். பாதிக் களிதான் உள்ளே போயிருக்கும். நேரமாகிறது என்று பெண்கள் வந்துவிட்டார்கள். தலையில் துணியைப் போட்டு மூடி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. துணிக்குள்ளிருந்து அவள் “அத்தை, ப்ளேட்டு” என்றிருக்கிறாள். “குளிச்சிட்டு வந்து மாட்டிக்கிறலாம் ஆத்தா” என்றிருக்கிறாள் மொக்கம்மாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? குளிக்கிறபோது வாயில் ப்ளேட் எதற்கு என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். அத்தனை வேலைக்கு நடுவில் அது எங்கே இருக்கிறது என்று அவள் எப்படிக் கேட்பாள்?

வீட்டுக்குப் பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. யாரோ என் கையில் சூடத்தைக் கொடுத்தார்கள். கீற்றெல்லாம் பதினாறு நாள் வெயிலில் சருகாகிவிட்டிருந்தது. தொட்டதும் பிடித்துக்கொண்டது. நான் புது வேட்டியில் பொறி படாமல் இரண்டடி தள்ளி நின்று, நன்றாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னு நான் எடுத்துக் கொடுத்த சேலையில் வந்தாள். முதல் சேலை. காலில் விழ வேண்டும் என்று அவளை என் பக்கம் கொண்டுவந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு மேலாகக் கீழே தொங்கிக்கொண்டிருந்த இடது கை எழுந்து வாயைப் பொத்தியது.

சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ரோஸ் கலர் பிளாஸ்டிக் இருந்த இடம் தெரியவில்லை. கம்பி மட்டும் கிடைத்தது, கறுத்துச் சுருண்டு.

மறுநாளே அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். டாக்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. “பத்து நாளைக்குள்ள பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. புதுசா அச்செடுத்து வேற செஞ்சிரலாம். தள்ளிப் போடாதீக” என்றார். அவ்வளவுதான் விஷயம். பத்து நாளில் சரி செய்துவிடக்கூடிய ஒரு தவறு.

அங்கிருந்து நேராக வடுகபட்டி. கர்ணன் களத்தில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். அக்காள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். திங்கட்கிழமை பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன்.

“இனிமே அது எப்படி மாப்ள? வயசுக்கு வந்த பிள்ளை.”

“வயசுக்கு வந்தது பிள்ளைதானே மச்சான், பல்லு அங்கனயேதானே இருக்கு.”

“வெளையாட்டு இல்லை. மாசாமாசம் உன்கூடப் பஸ்ஸுல போயிட்டு வந்தா ஊரு சும்மா இருக்குமா?”

“அக்காளும் கூட வரட்டும்.”

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். “ஏற்கனவே பேசிட்டுத்தான் இருக்காக. மாமங்காரன் சும்மாவா பல்லக் கட்டுறான், தனக்குக் கட்டிக்கத்தான் பாடுபடுறான்னு. உனக்கு அப்படி ஒரு நெனப்பு இருந்தா வெளிப்படையாச் சொல்லிரு. முறைதானே. சொல்லிட்டா நானும் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.”

இன்றைக்கு நினைத்தால் அவர் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் கட்டுவது உண்டு. அவர் பெண்ணைப் பெற்றவர், அவருக்கு அந்தக் கேள்வி இயற்கை. ஆனால் நான் அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன். மூக்கு ஒழுக ஒழுக என் சட்டையில் தூங்கிய பிள்ளை. ஏதோ சாக்கடையை எடுத்து என் தலையில் ஊற்றிய மாதிரி இருந்தது. கையிலிருந்த மோர்ச் செம்பைக் களத்தில் வீசி அடித்தேன்.

“அந்த நெனப்பாய்யா எனக்கு? எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்குற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பெறக்கல!”

கதவுக்குப் பின்னால் பொன்னு நின்றாள். கை வாயில் இருந்தது. அக்காள் “ஏலே குருசாமி, நில்லுடா” என்று பஸ் நிற்கிற இடம் வரை ஓடிவந்தாள். நான் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அதைப் பெரிய மானம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போடிக் கடைக்கு ஒரு கார்டு வந்தது. பொன்னுவின் கையெழுத்து.

‘அன்புள்ள மாமாவுக்கு, அப்பாவுக்குக் கோபம் தணிந்துவிட்டது. நீங்கள் வந்து ஒரு வார்த்தை கேட்டால் அம்மாவோடு அனுப்புகிறேன் என்கிறார்கள். முன்பல் ஆடுகிற மாதிரி இருக்கிறது. ஒரு வார்த்தை போதும் மாமா.’

நான் போகவில்லை. சத்தியம் செய்தது நான், மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர், மகளை விட்டு எழுதச் சொன்னால் ஆயிற்றா என்று கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கடையில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிக்கிற பெண்களைப் பார்த்தபடி, அன்றைக்கே இருபது தடவை எடுத்துப் படித்தேன். போடியிலிருந்து வடுகபட்டிக்கு ஒன்றரை மணி நேரம். மதுரைக்குப் போகிற மாதங்களில் பஸ் அந்த ஊரைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாவது கார்டு. அதில் அப்பாவைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ‘பல் வெளியே வந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சந்து விழுந்துவிட்டது. நாக்கு வெளியே தெரிகிறது. டாக்டரிடமாவது கேட்டு எழுதுங்கள்.’ அதற்கும் நான் பதில் எழுதவில்லை. என்ன ஜென்மம் நான்! டாக்டர் வீட்டுத் தெரு வழியாகத்தான் மாதாமாதம் நடந்து போனேன்.

அந்தப் பக்கம் கர்ணனும் அசையவில்லை. மாமன் வராமல் பிள்ளையை அனுப்பினால் தான் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கும் ஒரு பிடிவாதம். அவள் வாயைக் களமாக வைத்துக்கொண்டு இரண்டு ஆம்பளைகள் பதினாலு மாதம் முறைத்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் அக்காளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போடிக்கு வந்துவிட்டாள். கடை வாசலில் நின்று, உள்ளேகூட வராமல், “உங்க ரெண்டு பேரு ரோசத்துல எம்பிள்ள வாய் போச்சுடா” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பொன்னு கையை எடுத்து, வாயைத் திறந்து காட்டினாள். நான் பார்த்தேன். பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். டாக்டர் அலமாரியைத் திறந்து, முதல் நாள் எடுத்த மாவு அச்சை எடுத்து மேஜை மேல் வைத்தார். அச்சையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சில் இருந்தது எத்துப்பல்தான், ஆனாலும் நெருக்கமாக ஒன்றோடொன்று ஒட்டி நின்றது. இப்போது இருந்த வாயில் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து, பழைய இடத்தையும் தாண்டி வெளியே வந்திருந்தன. இரண்டு பக்கமும் ஓட்டை.

“ப்ளேட்டுக்கு இது இனி அடங்காதுய்யா. மெட்ராஸ் போயி பேண்டு போடணும். ரெண்டரை வருசம் ஆகும். முடியாதுன்னு சொல்லல. ஆனா இந்தத் தடவை பாதியில நின்னா அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். வேலையை விட்டுவிடுகிறேன், மெட்ராஸில் ஒரு அறை எடுக்கிறேன், அக்காளும் பிள்ளையும் வந்து இருக்கட்டும், கர்ணன் காலில் வேண்டுமானாலும் இன்றைக்கே விழுகிறேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். பொன்னு நாற்காலியில் இருந்து இறங்கினாள். பதினாலு வயது. சடங்கோடு பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியிருந்தார்கள்.

“வேணாம் மாமா.”

“ஏன்டா? இது கழட்டவே முடியாத கம்பி. தொலையாது, எரியாது.”

“கம்பி கழறாது மாமா. கூட்டிட்டுப் போறவக கழண்டுக்கிருவீகளே” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அக்காள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் அந்த அச்சை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். அதற்கு ஜோடி அச்சு வைக்கவேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

திரும்பி வருகையில் வடுகபட்டியில் இறங்கினேன். கர்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. “வா மாப்ள” என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன். வாசற்படியை மிதித்தாகிவிட்டது. பதினாலு மாதத்துக்கு முன்னால் இதே படியை மிதிப்பதற்கு என்ன கேடு வந்தது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே நினைத்தேன்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்தபோது மயிலாடும்பாறையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்ல பையன். பெண்ணைப் பிடித்திருக்கிறது, பல்லை மட்டும் ஏதாவது பண்ணிவிடுங்கள் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்களாம். கர்ணனுக்கு வழி நாலு என்று தெரியாது, ஒன்றுதான் தெரியும். தேனி பஜாரில் பல் கட்டுகிறவரிடம் கூட்டிப் போனார். மேல்வரிசை முன்பல் ஆறையும் இரண்டு தடவையாகப் பிடுங்கி, புண் ஆறுவதற்குள் பொய்ப்பல் வைத்துவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வந்து சண்டை போடுவேன் என்று பயந்தார்களாம். பொன்னுவும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

கல்யாணத்தன்று நான் தாய்மாமன் சீரோடு போனேன். மணவறையில் அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். வாய் மூடியிருந்தது. உதடு இரண்டும் சேர்ந்து, எல்லோரையும் போல அமைதியாக மூடியிருந்தது. சிரித்தபோது ஆறு பல்லும் ஒரே அளவில், ஒரே வெள்ளையில் தெரிந்தன. யார் வாயில் வைத்தாலும் அப்படித்தான் தெரியும். “மெட்ராஸுக்கெல்லாம் போகணும்னு சொன்னீகளே கொழுந்தனாரே, பாருங்க, தேனியிலயே எம்புட்டு அழகா வச்சுருக்காக” என்றாள் மொக்கம்மாள். ஆமாம் மதினி என்றேன்.

தாலி கட்டி முடித்து எல்லோரும் பந்திக்குப் போனார்கள். உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

“மாமா.”

இரண்டு உதடும் சேர்ந்து, முழுதாக, தெளிவாகக் கூப்பிட்டாள். உள்ளே போனேன். தனியாகத் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பி, விரலை வாய்க்குள் விட்டு அந்தப் பல்லை எடுத்தாள். கைக்குட்டையில் மடித்து என்னிடம் நீட்டினாள்.

“இன்னும் வலிக்குது மாமா. இதை வச்சுக்கிட்டு மெல்ல முடியல. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கையில வச்சிருங்க. கீழ வச்சா யாராச்சும் தூக்கிப் போட்டுருவாக.”

பல் இல்லாத மேலுதடு உள்ளே மடிந்து, பதினெட்டு வயது முகம் கிழவி முகமாக இருந்தது. அப்போது அவள் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என்னிடம் மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது? சர்க்கரைப் பொங்கலை விரலால் மசித்து மசித்து விழுங்கினாள்.

நான் வெளியே வந்து நின்றேன். கைக்குட்டைக்குள் அது இன்னும் சூடாக, ஈரமாக இருந்தது. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், பிறகு வருகிறேன் என்றேன். பந்தலுக்குப் பின்னால் சமையல் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கையை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் போகாமல், அவள் சாப்பிட்டு முடித்துக் கூப்பிடும் வரை அப்படியே நின்றேன்.